சுவருக்குக் காய்ச்சல்

அக்காவை முதியோர் விடுதியில் கொண்டுபோய் விடுவது என்று முடிவானது ஒரு சுவரால்தான். கேட்டால் சிரிப்பீர்கள். அந்த வீட்டிலும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

அக்கா என்றால் தம்பிக்கு அக்கா. தம்பி, தம்பி மனைவி, அக்கா, இவ்வளவுதான் வீடு. முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவள் அவள். டாக்டர் கோட்டு, நர்ஸ் உடுப்பு, ஆபரேஷன் தியேட்டர் விரிப்பு எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். இஸ்திரிப் பெட்டியின் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று அவள் குனிந்து பார்த்ததே கிடையாது. உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் நிறுத்துவாள். "பருத்திக்குச் சரி, நைலான்னா சுருங்கிடும்" என்பாள். கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பேர் மீட்டர்.

அந்தக் கை அதற்கும் முந்தியே பேர் வாங்கிய கைதான். தம்பி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நெற்றியைத் தொட்டுவிட்டு "நூத்தியொண்ணு" என்பாள். அம்மா நம்பாமல் தெர்மாமீட்டரை உதறி வைத்துப் பார்ப்பாள். நூற்றியொன்றில்தான் நிற்கும்.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியும் சும்மா உட்காரத் தெரியவில்லை அவளுக்கு. தம்பியும் அவன் மனைவியும் குளித்து, உடுத்தி, வேலைக்குக் கிளம்பிய கையோடு அவர்கள் அறைக்குள் போய் மெத்தையைத் தட்டி விரிப்பை இழுத்துச் செருகுவாள். அப்படிச் செருகும்போதுதான் ஒருநாள் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் புறங்கை பட்டது. நின்றாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் தம்பியிடம் சொன்னாள். "டேய், உங்க ரூம் சுவருக்குக் காய்ச்சல் அடிக்குதுடா."

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாத்திரை குடுத்தியாக்கா?" என்றான்.

மறுநாளும் சொன்னாள். அடுத்த வாரமும் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? கட்டிலைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போட ஆரம்பித்தாள். தள்ளிப் போட்டால் அலமாரிக் கதவு திறக்காது. தம்பி மனைவி மறுபடி சுவரோடு ஒட்டித் தள்ளுவாள். இவள் இழுக்க, அவள் தள்ள, தரையில் கோடே விழுந்துவிட்டது.

தொல்லை தாங்காமல் தம்பி ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தான். அந்த மனுஷன் ஒரு மத்தியானம் மூணு மணிக்கு வந்தார். சுவரைத் தொட்டார், விரலால் தட்டினார், சுவிட்சில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "சுவர் ஜில்லுன்னு இருக்கும்மா. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று அக்காவைப் பார்த்துச் சொன்ன தொனி இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அன்றையிலிருந்து வீட்டில் அவள் செய்வதெல்லாம் சாட்சியாகிப் போனது. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மூலைமூலையாகத் தேடினாளா, சாட்சி. குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்ததா, சாட்சி. நியாயமாகச் சொல்லுங்கள், இதெல்லாம் செய்யாதவர் யார்?

தம்பி மனைவி கெட்டவள் இல்லை. பயந்தவள். அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் உப்பு, பிறகு பேர்கள், கடைசியில் ஒருநாள் வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு நடுரோட்டில் நடந்து போய்விட்டாள். அதை ஒரு தரம் பார்த்தவளுக்கு இன்னொரு தரம் பார்க்கத் தெம்பில்லை. "நாம வேலைக்குப் போயிட்டா அண்ணியை யாருங்க பாத்துக்கறது?" என்று அழுதாள். தம்பி விடுதி விண்ணப்பத்தை நிரப்பினான். திங்கட்கிழமை பத்து மணி என்று முடிவாயிற்று.

அக்கா சண்டை போடவில்லை. விடுதி அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. எங்கே போட்டாலும் தூங்கி எழுகிறவள்தான். அவளை அரித்தது வேறு. கை பொய் சொல்லுகிறதா? தன் கையையே நம்ப முடியாவிட்டால் தன்னிடம் வேறு என்ன மிச்சம்? யாரும் பார்க்காதபோது அதே சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். சில வேளை சுடும், சில வேளை சுடாது. அது இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடி வீட்டு ஏ.சி. மெக்கானிக் பெண், அக்கா கிளம்புகிறாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தாள். பெரிய கட்டடங்களில் ஏ.சி. பழுது பார்க்கிறவள். ஏணி, ஸ்பானர், சத்தமான சிரிப்பு, இவைதான் அவள். சுவர்க் கதையைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இதுக்காக்கா பெட்டி கட்டறீங்க? முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா! இருங்க வரேன்."

மாடிக்கு ஓடிப்போய் ஒரு தீப்பெட்டி அளவு சாமானோடு இறங்கினாள். ஒரு பக்கம் குட்டிக் கண், அடியில் சார்ஜர் முனை மாதிரி ஒரு முனை.

"இது சூட்டைப் பாக்கற கேமரா. ஃபோன்ல சார்ஜ் போடற ஓட்டையில சொருகணும். என் ஃபோன் நேத்துதான் ஏணியிலேருந்து விழுந்து செத்துச்சு. யாராவது ஒரு ஃபோன் குடுங்க."

தம்பியின் போனும் அவன் மனைவி போனும் பழசு, முனை சேரவில்லை. அக்காவுடையதுதான் புதுசு, வேலையின் கடைசி வருஷத்தில் தம்பி வாங்கிக் கொடுத்தது.

"அந்த ஓட்டையிலயா?" அக்கா போனைத் திருப்பிப் பார்த்தாள். "அது கரண்டு சாப்பிடறதுக்குத்தானேம்மா? அது வழியா பாக்கவும் செய்யுமா?"

"பாக்கும், கேக்கும், எழுதும். மவுஸ் சொருகலாம், மைக் சொருகலாம், கீபோர்டு சொருகலாம். நாமதான் அதை வெறும் சாப்பாட்டு வாய்னு வச்சிருக்கோம்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தம்பியைப் பார்த்தாள். "இதோ பாரு. இதுல சுவர் குளிர்ச்சின்னு வந்தா நானே பெட்டியை மூடிட்டு நாளைக்கு உன் முன்னாடி நடப்பேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சத்தியம்."

"எதுக்குக்கா இதெல்லாம்..." என்று இழுத்தான் அவன். அவள் கேட்கவில்லை.

முனை உள்ளே போக மறுத்தது. மெக்கானிக் பெண் ஓட்டையை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, பல்குச்சியை விட்டு மெல்லக் கிளறினாள். வெள்ளையாக ஒரு உருண்டை வந்தது.

"என்னக்கா, ஃபோனுக்குள்ள தலையணை வச்சிருக்கீங்க?"

அக்கா அதை வாங்கி விரல் நுனியில் உருட்டினாள். ஆஸ்பத்திரிப் பஞ்சு. வேலை செய்யும்போது போட்டிருந்த மேலங்கிப் பையில் இருந்து ஏறியது. எட்டு மாதமாகப் போனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை. மேஜை ஓரத்தில் வைத்தாள்.

இப்போது முனை உள்ளே போனது. ஆனால் போன் கண்டுகொள்ளவில்லை. "வெளியாளை உள்ள விடுன்னு நாம சொல்லணும்" என்று மெக்கானிக் பெண் அமைப்புகளுக்குள் போய் எதையோ தேடித் தட்டினாள். கேமராவில் ஒரு விளக்கு மினுங்கியது. திரை ஒரு நொடி இருண்டது.

பிறகு ஒரு முகம் வந்தது. ஆரஞ்சுக் கன்னம், மஞ்சள் கண்குழி, நட்ட நடுவில் நீல மூக்கு.

"ஐயோ, யாரு இது?" என்று தம்பி மனைவி பின்னால் நகர்ந்தாள்.

"நான்தான்!" மெக்கானிக் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாத்திச் சொருகிட்டேன். இந்த முனை ரெண்டு பக்கமும் போகும். இப்படிப் போட்டா சுவரைப் பாக்கும், அப்படிப் போட்டா நம்மளையே பாக்கும்." கழற்றித் திருப்பிப் போட்டாள்.

அறை முழுக்க நிறமாயிற்று. ஜன்னல் திரையில் வெயில் பட்ட பட்டை மட்டும் தனியாக எரிந்தது. டீ டம்ளரில் டீ எதுவரை நிற்கிறது என்று வெளியிலிருந்தே தெரிந்தது. தம்பி எழுந்து வந்த நாற்காலியில் அவன் இன்னும் உட்கார்ந்திருந்தான், வெறும் சூடாக. தரையில் அவன் வந்த வழியெல்லாம் வெறுங்கால் தடம், ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே வந்தது.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு தொட்டதையெல்லாம் இன்றைக்கு யாரோ விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். இஸ்திரிப் பெட்டியின் மேல் கையை நிறுத்தும்போது அங்கே காற்றில் நிற்பது இதுதானா? இவ்வளவு அழகா அது?

"சுவரைக் காட்டுங்க" என்றான் தம்பி.

அறைக்குள் போய்க் கட்டிலைக் கொஞ்சம் இழுத்தார்கள். அக்கா சுவரில் கையை வைத்தாள். "இங்கதான்." கையை எடுத்தாள். திரையில் கை போகவில்லை. ஐந்து விரலும் உள்ளங்கையும் மஞ்சளாகச் சுவரிலேயே இருந்தன. நாலு பேரும் பார்த்தார்கள். முதலில் சுண்டுவிரல் போனது. பிறகு மற்ற விரல்கள். கடைசியில் உள்ளங்கையும் கரைந்து, சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே நீலமாக நின்றது.

சூடு என்று சொல்ல ஒரு பொட்டுகூட இல்லை.

மெக்கானிக் பெண் போனை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிருந்தது. "அக்கா... சாதாரணமாத்தான் இருக்கு."

"சரிம்மா" என்றாள் அக்கா. அவ்வளவுதான். தம்பி தரையைப் பார்த்தான். அவள் தன் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். அடுக்கி வைத்த துணியை எடுத்து மறுபடி அடுக்கினாள். மீட்டராம் மீட்டர், என்று தன்னையே திட்டிக்கொண்டாள். குளித்தால் மனசு கொஞ்சம் தெளியும் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டு, குளியலறை வாசலில் ஹீட்டர் சுவிட்சைத் தட்டினாள். தண்ணீர் காய்கிறவரை துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் தம்பி மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் போனை வாங்கி எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணையை, தன் கையை, மறுபடி சுவரை.

"அண்ணி!" என்று ஒரு கத்தல். "அண்ணி, இங்க வாங்க! உங்க கை மறுபடி தெரியுது!"

அக்கா துண்டோடு ஓடி வந்தாள். அவள் கையை எடுத்துக் கால்மணி நேரம் ஆயிற்று. ஆனால் அதே இடத்தில் சுவரில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு இருந்தது. பார்க்கப் பார்க்க அது மங்கவில்லை, வளர்ந்தது. ஆரஞ்சு மஞ்சளாயிற்று. மஞ்சளுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. அதிலிருந்து மேல்நோக்கி ஒரு மெல்லிய கோடு, குளியலறைப் பக்கமாக ஏறிப் போனது. வெறும் கண்ணுக்கு அங்கே வெள்ளையடித்த சுவர், வேறொன்றுமில்லை. திரையில் சுவருக்குள் நெருப்பு கண் விழித்துக்கொண்டிருந்தது.

"ஹீட்டர் போட்டது யாரு?" என்று அலறினாள் மெக்கானிக் பெண்.

"நான்தான். குளிக்கலாம்னு..."

"மெயினை அணைங்க! முதல்ல மெயினை அணைங்க!"

தம்பி ஓடினான். ஃபேன் சுற்றித் தளர்ந்து நின்றது. மெக்கானிக் பெண் மாடியிலிருந்து டெஸ்டரும் உளியும் கொண்டுவந்து, கட்டிலை முழுதாக இழுத்துப் போட்டு, அணைந்ததா என்று டெஸ்டரை வைத்து உறுதி செய்துகொண்டு, உளியால் பூச்சைப் பெயர்த்தாள். உள்ளே இரண்டு கம்பியை முறுக்கிவிட்டு மேலே அப்படியே பூசியிருந்தார்கள். இணைப்புப் பெட்டி இல்லை, ஒன்றுமில்லை. சுற்றிய டேப் கரியாகி உதிர்ந்தது.

"ஹீட்டருக்குப் போற லைன். முறுக்கு தளர்ந்துபோச்சு. ஹீட்டர் ஓடினா மட்டும் சூடாகும், அணைச்சா ஆறிடும். அந்த ஆளு மத்தியானம் வந்தா என்ன தெரியும்? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நீங்க யாரும் இன்னும் குளிக்கலை, அதான் எனக்கும் தெரியலை." அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "நீங்க தினம் எப்பக்கா தொடுவீங்க?"

"ரெண்டு பேரும் குளிச்சு முடிச்சு கிளம்பின உடனே" என்றாள் அக்கா மெதுவாக.

தம்பி மனைவிதான் முதலில் பார்த்தாள். இழுத்துப் போட்ட கட்டிலின் தலைமாட்டுப் பலகையில், சுவரைப் பார்த்த பக்கத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரம் பழுப்பாகக் கருகியிருந்தது. அதற்கு நேர் மேலே அவள் தலையணை. தினமும் தானே சுவரோடு ஒட்டித் தள்ளிய கட்டில். "ஐயோ அண்ணி" என்றாள். நேராக அக்கா அறைக்குப் போனாள். பெட்டியிலிருந்து துணியை அள்ளி அள்ளி வெளியே போடுகிற சத்தம் கேட்டது, கூடவே அழுகையும்.

தம்பி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் நின்ற அக்காவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். நாற்பத்தெட்டு வயது ஆள்.

"எவ்வளவுக்கா?" என்றான்.

அக்கா உள்ளங்கையை நெற்றியில் நன்றாகப் பதித்தாள். இந்தக் கையை எத்தனை நாள் சந்தேகப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"தொண்ணூத்தெட்டரை" என்றாள். "காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்லை, பயந்திருக்கே. எழுந்து போய்க் குளி. பச்சைத் தண்ணியில."