அழையாத்தீவில் எபினேசர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. பக்கத்து வீட்டு சாராளம்மா, தோசைமாவு கேட்பதுபோல மதில்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டது.

"ஏனுங்க அம்மணி, நீங்க போன்ல தீவுக்கதை எழுதறீங்களாமா. எங்க எபினேசர அதுல கொண்டுபோயி வெச்சுருங்களேன்."

எபினேசர் அவருடைய மகன். தேயிலை ஃபேக்டரிகளில் இலை உலர்த்தும் மிஷின்களைப் பழுதுபார்க்கிறவன். போன மழைக்காலத்தில் வேலையாக வால்பாறைக்குப் போனவன், லீவு நாளில் நண்பர்களோடு அங்கே ஓர் அணையில் பரிசல் ஏறினான். பரிசல் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். தீயணைப்புத் துறையினர் தேடித் தேடிக் களைத்தார்கள். உடல் கிடைக்கவில்லை. நினைவு ஆராதனையாவது வைக்கலாம் என்று போதகர் சொல்லிப் பார்த்தார். "செத்தான்னு ஆருங்க பாத்தாங்க?" என்று சாராளம்மா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்படிப்பட்டவர் மதில் மேல் கையூன்றி நின்று கேட்கிறார். நீங்களாக இருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பீர்களா? என்னால் முடியவில்லை.

2

தீவைப் பற்றி இரண்டு வார்த்தை. நான், வெங்கடலட்சுமி, ஒரு செல்போன் செயலியில் தொடர்கதை எழுதுகிறேன். படிப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் இதயம் இதயமாகப் போடுவார்கள். அடுத்த நிமிடம் மறந்துவிடுவார்கள். அந்தக் கதையில் அழையாத்தீவு என்று ஒரு தீவு. நாடு கடத்தப்பட்ட மந்திரவாதிகள் அங்கே குடியேறியிருக்கிறார்கள்.

அவர்கள் செய்த குற்றம் என்ன? இல்லாதவர்களின் குரலில் பேசினார்கள். செத்துப்போன புருஷன், ஓடிப்போன மகன், யார் குரல் வேண்டுமானாலும் அவர்கள் வாயிலிருந்து வரும். முதலில் ஊர் கொண்டாடியது. பிறகு பெண்கள் அடுப்பு மூட்டாமல் அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். வெட்டி எடுக்க ஆளில்லாமல் மஞ்சள் மண்ணுக்குள்ளேயே அழுகியது. அரசன் அவர்களுடைய சொந்தக் குரல்களைப் பிடுங்கிக்கொண்டு தீவில் கொண்டுபோய் விட்டான். இரவல் குரல் கிடைத்தால்தான் இனி அவர்களுக்குப் பேச்சு. தீவிலிருந்து யாராவது கூப்பிடாமல் வெளியாள் தானாகக் கிளம்பி அங்கே போக முடியாது.

(குறிப்பு: குரலை எப்படிப் பிடுங்கினான் என்று கேட்காதீர்கள். இதயம் போடுகிற பிள்ளைகளே கேட்கவில்லை.)

தீவு முதலில் கடலில்தான் இருந்தது. "அந்த அணைக்குள்ளயே ஒரு மேடு இருக்குதுங்க, மரமெல்லாங்கூட நிக்குதாமா" என்றார் சாராளம்மா. தூக்கி அணைக்குள் வைத்துவிட்டேன். கோயமுத்தூர்க்காரிக்குக் கடல் எழுதுவது எப்போதுமே கொஞ்சம் திண்டாட்டம்தான்.

3

எபினேசர் தீவுக்கு வரும் அத்தியாயத்தை எப்படித் தொடங்குவது?

எபினேசர் கண் விழித்தபோது அவனைச் சுற்றிலும்— (வேண்டாம். தீவுக்கதைகளில் எல்லோரும் கண் விழித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.)

தண்ணீருக்கு அடியில் ஒரு— (சாராளம்மா படிப்பார். தண்ணீருக்கு அடியில் எதுவுமே வேண்டாம்.)

கரையில் நின்றிருந்தவர்கள் அவனுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தார்கள்.

இந்த வரி நின்றது. மந்திரவாதிகள் அவனை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். எதுவும் கேட்கவில்லை, கேட்கக் குரல் இல்லை. அவனாகவே பேசினான். மிஷின் சூட்டைப் பற்றி, அக்கா டெய்சியைப் பற்றி, வீட்டைப் பற்றி. அவர்கள் சுற்றி உட்கார்ந்து அவன் வாயையே பார்த்தார்கள். அவன் பேசப் பேச அவர்களுடைய உதடுகள் லேசாக அசைந்தன. சும்மா ஒரு திகிலுக்காகத்தான் அந்த வரியை எழுதினேன்.

ஒவ்வோர் அத்தியாயமும் வந்ததும் சாராளம்மா மதிலுக்கு வந்துவிடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திருத்தம் சொல்வார்.

"ரொம்பன்னு அவன் வாயில வராதுங்க. நெம்பன்னுதான் சொல்லுவான். கோவம் வந்துச்சுன்னா ஒரு பெருமூச்சு விட்டுபோட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பான்."

நான் திருத்தினேன். எபினேசர் நாளுக்கு நாள் தேறினான். உள்ளபடி சொன்னால் எனக்கு ஒரே பெருமை. இவ்வளவு உயிரோடு ஒரு பாத்திரம் எனக்கு வாய்த்ததேயில்லை. பிறகு யோசித்து எழுத வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அவன் பேசினான், நான் தட்டினேன்.

அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. அவன் இப்படித்தான் பேசுவான், இப்படித்தான் மூச்சுவிடுவான் என்று சாராளம்மா சொல்லச் சொல்ல, நான் எழுத எழுத, பாடம் படித்தது யார்? பேசுகிறவன் எபினேசரா, அவன் குரலைப் படித்து முடித்துவிட்ட, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரா?

[இங்கே எழுந்துபோய் வீட்டில் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு வந்தேன். பட்டப்பகல்தான்.]

4

அடுத்த அத்தியாயத்தில் எபினேசர் தண்ணீருக்கு இந்தப்புறம் இருக்கும் அம்மாவோடு பேசுகிறான். சாப்பாடு, மாத்திரை, டெய்சியின் பிள்ளைகள் என்று பேச்சு நன்றாகவே போனது. முடிக்க ஒரு வரி வேண்டும். எழுதினேன்:

"செரிங்கம்மா. ஒரு நாளைக்கு இங்க வந்துட்டுப் போங்க."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். கரன்ட் கணக்கெடுக்க வந்தவரிடமும், ராங் நம்பரில் பேசியவரிடமும் "ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க" என்று சொல்லித்தான் பேச்சை முடிப்போம். யாரும் வருவதில்லை, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. என் வீட்டில் தெலுங்கு பேசினாலும் இந்தப் பழக்கம் எனக்கும் ஊறிப்போயிருக்கிறது. கை தானாக எழுதிவிட்டது. கூப்பிட்டால்தான் போக முடியும் என்று நானே சட்டம் போட்டு வைத்த தீவுக்கு.

காலையில் சோமனூரிலிருந்து டெய்சி போன் செய்தாள்.

"அக்கா, அம்மா பையில துணி எடுத்து வெக்கறாங்க. எபி கூப்பிட்டுட்டானாமா, நாளைக்கு வால்பாறைக்குப் போறாங்களாமா. வீடியோ கால்ல பாத்தனுங்க. ஃபிரிட்ஜ்ல இருந்ததெல்லாம் எடுத்துபோட்டுக் கழுவித் தொறந்து வெச்சிருக்காங்க. திரும்பி வரோணுங்கறவங்க அப்படிச் செய்வாங்களாக்கா?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"கூப்பிட வெச்சது நீங்கதானுங்க. வேண்டாம்னு அவனையே சொல்ல வெச்சுருங்க." அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அவனே தடுப்பது: "அம்மா, இங்க வராதீங்க. தண்ணி நெம்ப ஆழம்." உடனே செயலியில் ஏற்றிவிட்டு மதிலருகே காத்திருந்தேன். சாராளம்மா ஒரு தடவை படித்தார். "இது எம்பட பையன் பேசறது இல்லீங்க. நீங்க எழுதுனது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவன் சாவது: எபினேசர் அன்று காலை தண்ணீரில்— இவ்வளவுதான் எழுதியிருந்தேன். திரையில் அடுத்த வரி ஒரு பெருமூச்சோடு வந்து நின்றது. "ஏனுங்க, என்னைய மறுக்காவுமா?"

மறுபடியுமா என்று கேட்கிறான். தட்டியது என் விரல்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரியை நான் நினைக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பயந்துபோனேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

உண்மையைச் சொல்வது: இது எழுதியதல்ல, செய்தது. நேராக அவர் வீட்டுக்குப் போனேன். டெய்சி சொன்னபடியே ஃபிரிட்ஜ் திறந்து கிடந்தது.

"சாராளம்மா, அந்த 'வாங்க' அவன் சொன்னதில்லைங்க. நாஞ் சொன்னது. பேச்சுக்குச் சொல்றதுதானுங்க."

"அத்தனையும் நீங்க எழுதுனதுன்னு எனக்குத் தெரியாதுங்களா அம்மணி? நான் என்ன கிறுக்கியா?"

"அப்பறம் எதுக்குங்க போறீங்க?"

மடித்துக்கொண்டிருந்த சேலையை மடியில் வைத்தார். "அங்க போகாத, அந்தப் பக்கம் பாக்காதன்னுதான் இத்தன பேரும் சொன்னீங்க. எம்பட பையன் போன எடத்த நான் இன்னும் கண்ணுலகூடப் பாக்கலீங்க. இந்தக் கதையிலதான் மொதல்முறையா வான்னு ஒரு வார்த்த வந்துச்சு."

அவர் சொன்னது நியாயம்தான் என்று தோன்றியது.

"செரிங்க, போய்ப் பாத்துட்டு வந்தரலாம். ஃபிரிட்ஜ எதுக்கு அணைச்சீங்க?"

"ஆளில்லாத ஊட்டுக்குக் கரன்ட்டு எதுக்குங்க?"

6

மூன்று பேராகப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் டெய்சி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள்; மறுகையால் அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தாள். சாராளம்மா ஜன்னலோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அணைக்கரையில் மதியத்திலும் மஞ்சு பனிமூட்டமாக இறங்கியிருந்தது. தண்ணீர் நடுவே அந்த மேடு. நான் அதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நான் எழுதியதைவிடச் சின்னது. மரங்கள் நின்றன, ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. யாரோ பேசுவதற்காக எல்லாம் வாயை மூடிக்கொண்டதுபோல இருந்தது.

சாராளம்மா செருப்பைக் கழற்றினார். தண்ணீரில் கணுக்கால் வரை இறங்கினார். டெய்சி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எபீ, வந்துட்டேன் கண்ணு."

7

இங்கே நிறுத்துகிறேன். மேற்கொண்டு ஒரு வரியும் எழுத மாட்டேன்.

பதில் வராவிட்டால் அவர் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு அழுவார், இத்தனை நாளும் அழாத அழுகை. டெய்சி அவரைக் கரையேற்றி வீட்டுக்குக் கூட்டிப் போவாள். இது என் நம்பிக்கை, இதற்காகத்தான் கூடவே வந்தேன். பதில் வந்துவிட்டால் டெய்சியின் ஒரு கைப்பிடி போதாது.

நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். மேட்டில் இருப்பவர்களுக்கு, இருந்தால், சொந்தக் குரல் கிடையாது, யாராவது இரவல் கொடுக்க வேண்டும். பாக்கி இருப்பது நீங்கள்.

எபினேசரின் குரல் கட்டைக் குரலா, கீச்சுக் குரலா என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அவன் "வந்துட்டுப் போங்க" என்றபோது உங்களுக்கு ஒரு குரல் கேட்டது. "மறுக்காவுமா" என்றபோதும் அதே குரல்தான் கேட்டது. அதை உங்களுக்குக் கொடுத்தது நானில்லை.

சாராளம்மா மஞ்சுக்குள் காதைக் கொடுத்தபடி நிற்கிறார். தயவுசெய்து கொஞ்ச நேரம் அவனை நினைக்காமல் இருங்கள்.