அடுத்த மாடல் வரட்டும்

"இப்ப போய் வாங்கறது சுத்த முட்டாள்தனம்," என்றார் கணவர். "தங்கச்சி என்ன சொன்னா? அடுத்த மாசம் புது மாடல் இறங்குதாம். அது வந்துட்டா இந்தப் பழசை எல்லாம் சீந்த ஆள் இருக்காது. கொஞ்சம் பொறு."

"சனிக்கிழமை டாக்டரம்மா வராங்க."

"வரட்டுமே. இதுதான் ஓடிக்கிட்டு இருக்கே?"

இருவரும் மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள். லேப்டாப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கீல் உடைந்து திரை தனியாகத் தொங்கியதால் முதுகுக்குப் பிரஷர் குக்கரை முட்டுக் கொடுத்திருந்தாள். அடியில் சூடு தாங்க இரண்டு தரை டைல்ஸ். பக்கவாட்டில் மேசை விசிறி. என்டர் பட்டன் கழன்று எங்கோ போய்விட்டதால், அந்தக் குழியில் பென்சில் முனையால் குத்த வேண்டும். இத்தனை உபசாரத்துக்கும் அது மேடு ஏறும் பழைய பஸ் போல முக்கிக்கொண்டிருந்தது.

"ஓடலைங்க, மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு," என்றாள் அவள்.

அவள் சமையலறைகள் வரைகிறவள். அலமாரி எங்கே, அடுப்பு எங்கே, இழுப்பறை எவ்வளவு ஆழம் என்று கணினியில் வரைந்து, உள்ளே நடந்து பார்ப்பதுபோலத் திருப்பிக் காட்ட வேண்டும். இத்தனை வருஷமாக ஒரு மரப்பட்டறைக்கு வரைந்தாள். படம் அவளுடையது, கீழே போட்ட பெயர் முதலாளியுடையது. போன மாதம் ஒருநாள், "இனிமே நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். முதலாளி சிரித்தார். "போயிட்டு வாம்மா, நாற்காலி அப்படியேதான் இருக்கும்" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் நமைச்சல் எடுக்கிறது. தனியாக வந்த பிறகு கிடைத்த ஒரே ஆள் அந்தப் பல் டாக்டரம்மா. சனிக்கிழமை படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். பிடிக்கவில்லை என்றால் பட்டறைக்கே போய்விடுவார். அதற்குப் பிறகு இவளும் பின்னாலேயே போக வேண்டியதுதான், அந்த நாற்காலிக்கு.

லேப்டாப் வாங்கப் பணம் இல்லாமல் இல்லை. பட்டறையில் கணக்கு முடித்துக் கொடுத்தது அதற்கென்றே ஒதுங்கிக் கிடந்தது. இல்லாதது உத்தரவு. உத்தரவு நாத்தனாரிடமிருந்து வர வேண்டும்.

நாத்தனார் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பனைப் பெண். புதுச் சரக்கு எப்போது வரும் என்பது கடை ஆட்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், ஆனால் பழசு விற்றுத் தீரும்வரை வாய் திறக்கக் கூடாது. வாடிக்கையாளரிடம் திறக்காத வாயை அவள் அண்ணன் வீட்டில் வந்து திறப்பாள். அவள் அந்தக் கடையில் சேர்ந்ததிலிருந்து இந்த வீட்டில் எதுவுமே நேரத்துக்கு வாங்கப்பட்டதில்லை. ஃபிரிட்ஜ் கெட்டுப்போன கோடையில், "அடுத்த மாடல் கரண்ட்டு கம்மியா இழுக்குமாம்" என்று கோடை முழுக்கப் பாலை எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்கள். எதிர்வீட்டம்மா கடைசியில், "உங்க பாலுக்கு ஒரு ரூம் வாடகைக்கு விட்டிருக்கேன்" என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கிய பிறகுதான் வாங்கினார்கள். கணவருக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பேர் பொறுசாமி. மூக்குக் கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர், தன் கண்ணாடிக் காலுக்கு மட்டும் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். புதுசாக ஏதோ எடையே இல்லாத ஃபிரேம் வரப்போகிறதாம்.

"என்ன முணுமுணுக்கறே?"

"ஒண்ணுமில்லை. கதவை அளக்கறேன்."

மனசு ஒரு இடத்தில் நிற்காதபோது அவள் கை அளவு டேப்பை எடுத்துவிடும். குளியலறைக் கதவு, ஜன்னல் விளிம்பு, கட்டில் உயரம் என்று அளந்துகொண்டே போவாள். அந்த வாரம் வீட்டில் அளக்காத சுவர் பாக்கியில்லை.

வியாழக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது மேசை விசிறி காலி மேசைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. குக்கர் அடுப்பில் விசிலடித்துக்கொண்டிருந்தது. கணவர் படுக்கையறையில் இருந்தார். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து, திரையைத் தலையணைக்குச் சாய்த்து, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"வந்து பாரேன். புது மாடலோட படம் வெளியே வந்துடுச்சு. எவன் வீட்ல திருடினானோ தெரியலை. என்ன மெலிசு, பாரு! நெருப்புப் பெட்டி கணக்கா..."

"மெத்தைமேல வச்சிருக்கீங்களே!"

"குக்கர் சமையலுக்கு வேணும்னு..."

"அதுக்கு அடியிலதான் காத்து போகணும்! மெத்தைல வச்சா மூக்கைப் பொத்தின மாதிரி ஆகாதா?"

அவள் கை வைத்தாள். தோசைக்கல். தூக்கிக்கொண்டு மேசைக்கு ஓடுவதற்குள் ஒரு சின்ன முனகல், அப்புறம் அமைதி. இத்தனை நாள் அந்தச் சத்தம் நிற்காதா என்று ஏங்கியவள், நின்றதும் அதன்மேல் காதை வைத்துக் கேட்டாள்.

ஆறவைத்து, விசிறி போட்டு, பென்சிலால் குத்தி, ஒருவழியாக மீண்டும் உயிர் வந்தது. ஆனால் டாக்டரம்மாவின் சமையலறை திறக்கவில்லை. கோப்பு சிதைந்துவிட்டது என்று திரையில் ஒரு பெட்டி வந்து சொன்னது. பென் டிரைவில் திங்கட்கிழமை வரைக்குமான படம் இருந்தது. சுவர்கள், ஜன்னல், அடுப்பு மேடை எல்லாம் பத்திரம். இழுப்பறைகளும் அலமாரிகளும் போய்விட்டன.

கணவர் கதவருகே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"திட்டிடு," என்றார்.

"நேரமில்லை," என்று செருப்பை மாட்டினாள்.

கடைக்குள் நுழைந்ததும் நாத்தனார் அவளைப் பார்த்துவிட்டாள். நீலக் கோட்டு, மார்பில் "நான் உதவலாமா?" என்று அட்டை. பின்னால் மேனேஜர், கைகளை முதுகில் கட்டிக்கொண்டு. சொந்தக்காரர்கள் வந்தால் வேறு ஆள்தான் கவனிக்க வேண்டும் என்பது கடை வழக்கம். நாத்தனாரின் கண்கள் போய்விடு, போய்விடு என்று கெஞ்சின. அவள் நேராக அந்தக் கவுன்டருக்கே போனாள்.

"வணக்கம் மேடம்," என்றாள் நாத்தனார் உரக்க. பிறகு உதடு அசையாமல், "அண்ணி, இங்க எதுக்கு வந்தீங்க? அண்ணாவுக்குத் தெரியுமா?"

"எனக்கு லேப்டாப் பார்க்கணும்."

"நான்தான் சொன்னேனே, அடுத்த மாசம்..."

"நான் அண்ணி இல்லை. கஸ்டமர். உள்ளே வர்ற கஸ்டமர்கிட்ட என்ன கேப்பியோ, அதைக் கேளு."

மேனேஜர் இரண்டடி பக்கத்தில் வந்தார். நாத்தனார் முதுகு நிமிர்ந்தது.

"எதுக்காக வேணும் மேடம்? படிக்கவா, வேலைக்கா?"

"சமையலறை வரையறேன். த்ரீ-டி. திருப்பிக் காட்டணும்."

"தினமும் எவ்வளவு நேரம் ஓடும்?"

"நான் முழிச்சிருக்கற வரைக்கும்."

"எப்ப வேணும் மேடம்?"

அவள் நிமிர்ந்து நாத்தனார் முகத்தையே பார்த்தாள்.

"இதை நீ வீட்ல ஒரு தடவைகூட கேட்டதில்லையே," என்றாள் மெல்ல.

நாத்தனார் ஒரு பெட்டியை எடுப்பதுபோலக் குனிந்தாள். குனிந்தபடியே, "வீட்ல யாரு அண்ணி வாங்கறதுக்காகக் கேட்டீங்க? வாங்காம இருக்கறதுக்குத்தானே கேட்டீங்க. அண்ணா எப்பவும் ஃபோன் பண்ணி 'இப்ப வாங்கலாமா'ம்பார். எதுக்கு, யாருக்குன்னு சொன்னதே இல்லை. நான் அவருக்குன்னு நினைச்சேன்."

"அவருக்கா?"

"மேட்ச் பார்க்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"புதுசு உண்மையிலேயே நல்லா இருக்குமா?"

"நல்லாத்தான் இருக்கும். உங்ககிட்ட ஏன் பொய் சொல்லணும்? லேசா இருக்கும், வேகமா இருக்கும். இதோட விலையும் அப்ப குறையும்."

"நாளன்னிக்கு சனிக்கிழமை. அன்னிக்கு அது எங்க இருக்கும்?"

"எந்தக் கப்பல்லயோ."

"அப்ப அது எனக்கு லேப்டாப்பே இல்லைம்மா. வெறும் சேதி."

நாத்தனார் நிமிர்ந்தாள். "மேடம், வரையற வேலைக்குன்னா இது வேண்டாம், அதை எடுங்க," என்று கொஞ்சம் தடிமனான ஒன்றைக் காட்டினாள். "சூடு ஏறாது. பார்க்க அழகா இருக்காது, பரவாயில்லையா?"

"என் கூட இருக்கறது எதுதான் அழகா இருக்கு? குடு."

மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பில் போடும்போது நாத்தனார் அவள் கையை ஒருதரம் அழுத்தினாள். "அண்ணாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"நீ சொல்லலையே. நான்தானே வாங்கினேன்."

வீட்டில் கணவர் வேலைக்குப் போயிருக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். பொறு என்ற சொல் வாய்வரை வந்தது தெரிந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு, "நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

"டேப்பைப் பிடிங்க. டாக்டரம்மா எங்கயும் எம்பக் கூடாது, குனியக் கூடாது. நாள் முழுக்க ஸ்டூல்ல உக்காந்து கைக்கெட்டற தூரத்துல எல்லாத்தையும் வச்சுப் பழகினவங்க. உக்காருங்க, கையை நீட்டுங்க. இன்னும் நீட்டுங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டாக்டரம்மாவானார். கைநீட்டி இல்லாத பாத்திரத்தை எடுத்தார், இல்லாத இழுப்பறையை இழுத்தார். அவள் அளந்து அளந்து வரைந்தாள். புது இயந்திரம் மூச்சுவிடும் சத்தமே இல்லை. அது அவளுக்குப் பயமாக இருந்தது. அடிக்கடி கையை வைத்துச் சூடு பார்த்தாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது.

சனிக்கிழமை டாக்டரம்மா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "அந்தப் பட்டறைக்காரர் நேத்து ஃபோன் பண்ணினார். உங்க படத்தைவிட நல்ல படம் அவர்கிட்ட இருக்காம்," என்றார்.

அவள் திரையில் சமையலறைக் கதவைத் திறந்தாள். டாக்டரம்மா படத்துக்குள்ளேயே மேடையைச் சுற்றி வந்தார், ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னார்.

"அந்த டிராயரைத் திறங்க."

திறந்தாள்.

"ஃபிரிட்ஜ் கதவையும் திறங்க. ரெண்டும் சேர்த்து."

திறந்தாள். கதவு போய் இழுப்பறையில் இடித்தது. அவசரத்தில் கதவைத் தப்பான பக்கம் மாட்டியிருக்கிறாள். கணவர் சுவரோரம் நின்று கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓட்டை தேடறதுதானே என் பொழப்பு," என்றார் டாக்டரம்மா. குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

"ஒரு நிமிஷம்," என்றாள் அவள். கதவைக் கழற்றி மறுபக்கம் மாட்டினாள். அதற்கு இடம்விட ஒரு அலமாரியை நகர்த்தினாள். கைக்கு வந்ததெல்லாம் திரையில் உடனே நடந்தது. பழையதில் இப்படி ஒரு கதவைத் திருப்பினால், டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால் அணைந்திருக்கும். மறுபடி இரண்டையும் திறந்து காட்டினாள். இடிக்கவில்லை.

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார்.

"பட்டறையில இப்படி ஒண்ணு கேட்டேன். அடுத்த வாரம் வாங்கன்னாங்க. நீங்க எப்ப ஆரம்பிக்கறீங்க?"

அடுத்த மாதம் சொன்னபடியே புது மாடல் இறங்கியது. நாத்தனார் ஃபோனில் கூப்பிட்டாள். "அண்ணி, சொல்லவா வேண்டாமா?"

"சொல்லு."

"உங்களோடதுல பாதி கனம்கூட இல்லை. உங்களோடது இப்ப தள்ளுபடி மூலைக்குப் போயிடுச்சு."

அவள் மேசைமேல் இருந்த தடியனைப் பார்த்தாள். உண்மையாகவே வயிறு எரிந்தது. "எரியுதுடி," என்று சொல்லியும்விட்டாள்.

"எனக்குத் தெரியும். ஒரு தரம் வந்து பார்க்கறீங்களா, சும்மா?"

"பார்க்க மாட்டேன். பார்த்தா ராத்திரி தூக்கம் போயிடும். வை, தச்சர் கூப்பிடறார்."

டாக்டரம்மா வீட்டில் நின்றிருந்த தச்சர், சிங்க் பக்கம் எவ்வளவு விடுவது என்று கேட்டார். அவள் படத்தைத் திருப்பி அளவு சொன்னாள். எழுதிக்கொண்டு, "இதுல யார் பேர் போடறது மேடம்?" என்றார். சொன்னாள். ஃபோனை வைத்த பிறகும் கை பரபரத்தது. டேப்பை எடுத்து மேசை விளிம்பை அளந்தாள்.

படுக்கையறையிலிருந்து மேடு ஏறும் பஸ் சத்தம் கேட்டது.

"என்னங்க பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லை. இப்ப வந்திருக்கு பாரு, இதுக்கு அடுத்தது..."

"டைல்ஸ் மேல வச்சீங்களா?"

"வச்சேன், வச்சேன். குக்கரும் வச்சிருக்கேன்."