ஆற்றில் ஆள் இல்லை

அணையில் மதகு திறக்கும் நாளில் ரேடியோவில் மூன்று முறை சொல்வார்கள். சொன்ன அரை மணி நேரத்தில் தண்ணீர் மணல்திட்டை எட்டிவிடும். ஆற்றின் நடுவே அந்தத் திட்டில்தான் வெள்ளரிக்காரியும் அவள் புருஷனும் கொடி போட்டிருந்தார்கள். கரைக்கு வர மணலில் கால் மணி நேர நடை. அதனால் வேலை நேரத்தில் ரேடியோ அவள் இடுப்பை விட்டு இறங்காது. கரகரக்கும், இரையும். இரைச்சலுக்குள் குரல் இருக்கும்.

அடுத்த மாதத்தோடு பழைய ஒலிபரப்பு நிற்கிறது, இனி டிஜிட்டல்தான் என்றார்கள். வீட்டுக்கு ஒரு புது ரேடியோ இலவசம். கரையில் அது கணீரென்று பாடியது. திட்டில் ஊமை. இரைச்சல்கூட இல்லை. ‘தேடுகிறது’ என்ற எழுத்து மட்டும் மின்னியது. மூன்று மனு போட்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வீடுகளில் நன்றாகக் கேட்கிறது என்று மூன்றுக்கும் ஒரே பதில்.

நான்காவது மனுவுக்கு ஒலிபரப்பு அதிகாரியே வந்தார். கையில் புது ரேடியோ, அட்டையில் செருகிய படிவம். கரையிலேயே, கேட்கிறது என்று கையெழுத்துப் போடச் சொன்னார். திட்டுக்கு வந்தால் போடுகிறேன் என்று அவள் முன்னே நடந்தாள். ஷூவுக்குள் மணல் புகப் புக அவர் ஒலிபரப்பு எட்டும் இடங்களின் வரைபடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

“வீடு இருக்கிற இடத்தைத்தாம்மா கணக்குல எடுப்போம். இது ஆறு. ஆத்துல ஆள் இல்லைன்னுதான் இருக்கு.”

“அப்ப நாங்க யாரு சார், மீனா?” என்றான் புருஷன், கொடிக்குள்ளிருந்து.

அதிகாரி சிரித்தார்.

திட்டில் அவர் ரேடியோவை உயர்த்திப் பிடித்தார், திருப்பினார், தட்டினார். உங்கள் பழசை அணையுங்கள், தொந்தரவாக இருக்கிறது என்றார். அவள் அணைக்கவில்லை. சத்தத்தைக் குறைத்துக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. மதகு திறந்தாயிற்று.

அவள் முகத்தைப் பார்த்ததுமே புருஷன் கூடைகளை அடுக்கத் தொடங்கினான். அவளோ ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

“உங்க ரேடியோ என்ன சொல்லுது சார்?”

“தேடுதும்மா. வந்துரும்.”

புருஷன் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கண்ணாலேயே அவனை அடக்கினாள். பத்து நிமிடம் போனது.

“இப்ப?”

“கொஞ்சம் பொறுங்கம்மா.”

“நான் பொறுப்பேன். தண்ணி பொறுக்காது. மதகைத் திறந்துட்டாங்கன்னு இது சொல்லிப் பத்து நிமிஷம் ஆச்சு.”

அவர் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். வழியில் ஒரு ஷூ மணலில் மாட்டிக்கொண்டது, திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் இருவரும் கூடைகளோடு பின்னால் நடந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கால் மணி நேரம் அத்துப்படி.

அவர்கள் கரையேறிச் சற்று நேரத்தில் தண்ணீர் திட்டை மூடியது. அதிகாரிக்கு இன்னும் மூச்சு இரைத்தது.

“என்ன பொம்பளைம்மா நீங்க? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“அதைத்தான் சார் நாலு மனுவுல சொன்னேன்.”

நான் வெறும் ஊழியன், முடிவெல்லாம் மேலிடத்தில் என்றார் அவர்.

“மேலிடத்துக்குத் தண்ணி ஏறாது. எழுதுங்க.”

அவர் படிவத்தில் ‘கேட்கவில்லை’ என்று எழுதினார். அவள் அட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அதுக்குக் கீழ இன்னொண்ணு. ஆத்துல ஆள் இருக்காங்க. எழுதிட்டுப் படிச்சுக் காட்டுங்க. அப்புறம் போடறேன் கையெழுத்து.”