வெல்லத்தில் போன தூண்

அக்கா பதினோரு வருடமாக ஆற்றுப் பாலத்தின் மேல் பேருந்து ஓட்டுகிறாள். தங்கை சிட்டு கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அதே பாலத்தைப் பற்றித்தான் வகுப்பு முழுவதும் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். ஒரே நாளில் முடித்துவிட்ட பெருமையோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சிட்டு அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா இரண்டாவது பத்தியிலேயே கத்தியைக் கீழே வைத்தாள்.

“‘பன்முகப் பரிமாணங்களை உள்ளடக்கிய’வா? ஏண்டி, இது நீ பேசுற மாதிரியே இல்லையே. யார் வாய்டி இது?”

சிட்டுவின் முகம் சுருங்கிப்போனது. “நெட்டுல இருந்துதான். அங்கங்க கொஞ்சம் மாத்திப் போட்டேன். எல்லாரும் அப்படித்தான்க்கா பண்றாங்க. பத்து தளத்துல இதே தகவல் இருக்கு, தப்பா இருக்குமா?”

“எனக்கென்ன தெரியும், நான் பத்தாவது. ஆனா உன் பேரைப் போட்டுக் குடுக்கிறது உன்னுதா இருக்கணும்ல?”

சிட்டு உம்மென்று எழுந்து போனாள். மதியம் சாப்பிடக்கூட வரவில்லை. நான்கு மணி வாக்கில் அறையிலிருந்து ஒரே சிரிப்பு.

“அக்கா, இங்க வாயேன்! பாலத்தோட நடுத்தூண் ‘வெல்லத்தில் அடித்துச் செல்லப்பட்டது’ன்னு போட்டிருக்கு. வெள்ளத்துக்கு வெல்லம்! பத்துலயும் அதே பிழை. அப்போ பத்து பேர் சொல்லல, ஒருத்தர் எழுதினதை ஒன்பது பேர் காப்பியடிச்சிருக்காங்க. அந்த ஒருத்தரும் எங்க பார்த்தார்னு ஒரு வார்த்தை இல்ல, பேரும் போடல.”

எழுதியதை எல்லாம் அன்றைக்கே அழித்தாள். மறுநாளிலிருந்து வகுப்பு முடிந்ததும் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். மூன்றாம் நாள் பதிவறைக்காரர் மனமிரங்கி, பழைய பராமரிப்புப் பதிவேடுகளைத் தூசியோடு எடுத்துப் போட்டார். தும்மித் தும்மி சிட்டுவின் மூக்கு சிவந்தது. தூண் எந்த வெள்ளத்திலும் போகவில்லை. விரிசல் விட்டதால் பொறியாளர்களே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார்கள்.

கட்டுரை வாசிக்கும் நாளில் வீட்டாரும் வரலாம் என்றார்கள். அக்கா வேலைச் சீருடையோடு ஓடிவந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

“இருபத்துநாலு கட்டுரை வந்தது. இருபத்துமூணுல தூண் வெல்லத்துல போயிருக்கு” என்றார் பேராசிரியை. அரங்கம் சிரித்தது, பல தலைகள் குனிந்தன. பிறகு சிட்டுவை மேடைக்கு அழைத்தார்.

எந்தச் செய்தியை எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாள் என்பதை சிட்டு தடுமாறாமல் சொன்னாள். கடைசியில் இதையும் சேர்த்தாள். “தூண் மாத்தின வருஷம் மட்டும் ரெண்டு பதிவேட்டுல ரெண்டு விதமா இருக்கு. எது சரின்னு எனக்குத் தெரியல. அதனால ரெண்டையும் எழுதியிருக்கேன்.”

தெரியாது என்பதை இத்தனை பேர் முன்னால் இப்படித் தலைநிமிர்ந்து சொல்ல முடியுமா என்ன! அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேராசிரியை பாராட்ட வாய் திறப்பதற்குள் இவள் படபடவென்று கை தட்டினாள். அரங்கமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.

“உங்க பொண்ணா?” என்று பக்கத்திலிருந்த அம்மாள் கேட்டார்.

“தங்கச்சிங்க” என்றாள் அக்கா. “ஒவ்வொரு வரியும் அவளே எழுதினது.”