சுத்தமான நகம்

பிளாமன் வீட்டுக்குள் நுழைந்தால் ஸ்னெஷினா புருஷனின் முகத்தைப் பார்க்க மாட்டாள். வலது கட்டைவிரலைத்தான் பார்ப்பாள். முகத்தை எங்கே நம்புவது? பொய் சொல்லும்போதுதான் அவன் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரன் மாதிரி இருப்பான். நகம் அப்படியில்லை. சுரண்டிப் பார்க்கும் லாட்டரிச் சீட்டின் வெள்ளிப் பூச்சு நக இடுக்கில் ஏறிவிட்டால் எத்தனை சோப்பு போட்டாலும் லேசில் போகாது.

நாலு மாதமாக அந்த நகம் சுத்தமாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. அவர்கள் இருந்த ஸ்லிவென் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் லாட்டரிப் பெட்டிக்கடை. குளிர்காலத்தில் அவளுடைய அம்மா போட்ட மோதிரம்கூட அங்கேதான் போய்ச் சேர்ந்தது. "இன்னொரு தடவை சுரண்டினா, பொண்ணைத் தூக்கிட்டு வார்னாவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அன்று சொல்லிவிட்டாள். அவன் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

சட்டென்று திருந்துகிற ஆளா இவன்? அவன் சட்டைப்பையைத் துழாவினாள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். எதுவும் சிக்கவில்லை. சிக்காததே அவள் சந்தேகத்துக்குத் தீனி போட்டது.

சனிக்கிழமை மதியம் அப்பாவும் மகளும் பூங்காவுக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பானித்சா என்ற சீஸ் அடையின் ஓரத்தைப் பிய்க்க ஐந்து வயது கலினா கை நீட்டினாள்.

"கை கழுவினியாடி? காட்டு."

சின்னக் கட்டைவிரல் நகத்துக்குள் வெள்ளித் தூள்.

"இது என்னது?"

"ஒண்ணுமில்லம்மா."

"கலினா!"

"என் கை ராசிக் கையாம், அப்பா சொன்னாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதாம்." குரல் தாழ்ந்தது. "சீட்டுல நட்சத்திரம் வரலன்னா அப்பா அழுவாரு. அதான் நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சுரண்டுவேன்."

ஸ்னெஷினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற பிளாமனைப் பார்த்துக் கத்தினாள்.

"அடப்பாவி! உன் நகம் தப்பிக்க இவ நகந்தான் கிடைச்சுதா?"

அந்தச் சத்தத்தில் கலினா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அடி விழக் காத்திருப்பதுபோல நின்றாள். அவளை யாரும் இதுவரை அடித்ததில்லை.

மகள் நின்ற விதத்தைப் பார்த்துப் பிளாமனின் முகம் வெளிறியது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை ஸ்னெஷினாவிடம் சொல்லியிருக்கிறான். அவனுடைய அப்பா குடித்துவிட்டு வந்து, மூடிய இரண்டு கைகளை அவன்முன் நீட்டுவாராம். எந்தக் கையில் மிட்டாய் என்று சரியாகச் சொன்னால் மிட்டாய். தப்பாகச் சொன்னால் பெல்ட். "பாதி நாள் நான்தான் ஜெயிச்சேன், தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

அவன் ஆணியில் தொங்கிய குட்டிக் கோட்டை எடுத்தான். மண்டியிட்டு மகளுக்குப் போட்டுவிட்டான்.

"மூணு மணிக்கு வார்னா பஸ் இருக்கு. கிளம்பு."

"இது என்ன புது நாடகம்?"

"நாடகமில்ல, ஸ்னெஷி. நீங்க இங்க இருந்தா நாளைக்கும் இவளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போவேன். உங்கிட்ட சத்தியமும் பண்ணுவேன்." கோட்டின் கடைசிப் பொத்தானையும் மாட்டினான். "எங்கப்பாகிட்டேருந்து என்னை யாரும் கூட்டிட்டுப் போகல."

நாலு மாதத்தில் முதல்முறையாக அவன் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.