ஆறடி தள்ளி

ஒன்பது வருஷமாக மாடி அறைக்குள் அடைந்துகிடந்து ஊரின் நிலத்தடிக் குழாய்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தவனுக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் மேப்பு. அவன் வேலை பார்த்த வரைபட அலுவலகத்தை இழுத்து மூடியபோது மற்றவர்கள் மேசை, நாற்காலி என்று ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். இவன் குப்பைக்குப் போகவிருந்த பழைய படங்களின் ஜெராக்ஸ் நகல்களை அள்ளி வந்து கதவைச் சாத்தினான். கல்யாணப் பேச்சு, நண்பர்கள், எதுவும் அந்தக் கதவைத் தாண்டவில்லை. அண்ணன் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டால் இறங்கி வருவான், பத்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவான்.

அந்த மாதம் எட்டு நாளாகத் தெருவில் தண்ணீர் வரவில்லை. நகராட்சிக் குழாய்க்காரர் சாலையை நான்கு இடத்தில் தோண்டியும் அடைப்பு அகப்படவில்லை. ஒன்பதாம் நாள், இரண்டு கையிலும் வாளியோடு மூச்சுவாங்க வந்த அண்ணியின் முன்னால் மேப்பு தானாகவே வந்து நின்றான்.

"அண்ணி, நம்ம வீடு கட்டுறதுக்கு முன்னாடி இது சந்து. பெரிய குழாயோட வால்வு நமக்கு அடியிலதான் இருக்கு. உள்ள தட்டு கழண்டு விழுந்து அடைச்சிருக்கும்."

"அடியிலன்னா எங்க?"

"சமையலறை ஜன்னலுக்குக் கீழ."

போன மாதம்தான் அங்கே புதுத் தரை போட்டிருந்தார்கள். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடா" என்று அண்ணன் கத்தினார். அண்ணி கொழுந்தன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பாத்திரங்களைக் கூடத்துக்கு மாற்றத் தொடங்கினாள்.

குழாய்க்காரரும் ஆட்களும் ஓடுகளைப் பெயர்த்து, இடுப்பளவு தோண்டினார்கள். மண்ணைத் தவிர மண்ணாங்கட்டிதான் வந்தது. வாசலில் கூடியிருந்தவர்கள் வாய்விட்டே சிரித்தார்கள். மேப்பு வியர்த்துப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான். ஒன்பது வருஷமும் பொய்தானா என்ற ஒரே கேள்வி அவனை அறுத்தது.

குழாய்க்காரருக்குப் பாவமாகிவிட்டது. "சார், தெருமுனையிலிருந்து உங்க வாசல் வரைக்கும் படத்துல எத்தனை அடி?"

"நாப்பத்தஞ்சு."

இருவரும் டேப் பிடித்து அளந்தார்கள். ஐம்பது அடி. மேப்புவுக்குச் சுருக்கென்றது. ஜெராக்ஸ் கடைக்காரன் தாளில் அடக்குவதற்காகப் படத்தைச் சுருக்கியிருக்கிறான்! ஒன்பது வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள் தெருவில் இறங்கி அளந்திருந்தால் தெரிந்திருக்கும். அப்படியானால் வால்வு, அவன் கணக்குப் போட்டுக் காட்டிய ஐம்பத்து நாலாவது அடியில் இல்லை, அறுபதாவது அடியில் இருக்கிறது. ஆறடி தள்ளி. அதாவது அடுப்பு மேடைக்கு அடியில்.

அதை அண்ணியிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. குழாய்க்காரர்தான் சொன்னார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி அடுப்பைத் தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டாள். "இடிங்க" என்றாள்.

மேடை போனது. மூன்றடி ஆழத்தில் கடப்பாரை இரும்பில் மோதியது. மேப்பு குழிக்குள் குதித்து வெறுங்கையால் மண்ணை விலக்கினான். கடுகளவு புள்ளியாகவே அவன் பார்த்திருந்த வால்வு, இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்கு இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது, யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் அழுதான்.

குழாய்க்காரர் வால்வைத் திறந்து, கழண்டு விழுந்திருந்த தட்டை வெளியே எடுத்தார். மதியத்துக்குள் தெருவெங்கும் தண்ணீர் வந்துவிட்டது. நாளைக்கு அடுத்த தெருவுக்கும் வரமுடியுமா என்று குழாய்க்காரர் கேட்டார். டேப்பை எடுத்துக்கொண்டு வருவதாக மேப்பு சொன்னான்.

எல்லோரும் போன பிறகு, இடிந்த மேடையருகே நின்று கேட்டான்: "ஒரு தடவை தப்பான பிறகும் என் கணக்கை எப்படி அண்ணி நம்பினீங்க?"

"உன் கணக்கை யாரு நம்பினா?" அண்ணி செங்கல் துண்டுகளைக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னாள். "அத்தோட விட்டிருந்தா நீ மேல போய்க் கதவைச் சாத்தியிருப்ப. அப்புறம் வெளிய வரவே மாட்ட தம்பி. அடுப்பு மேடையை மறுபடி கட்டிக்கலாம்."

மேப்பு கூடையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான்.