ஐம்பத்திரண்டு விழுக்காடு ஈரம்

ஆவணக் காப்பகத்தில் காப்பாளருக்குக் காலையில் முதல் வேலை ஒன்றுதான். பதிவேடுகள் இருக்கும் நிலவறைக்கு இறங்கி, சுவரிலிருக்கும் ஈரமானியைப் பார்த்து, காற்றில் எவ்வளவு ஈரம் என்று நோட்டில் எழுத வேண்டும். ஒருநாள் முட்டி வலித்தது. மேசையில் உட்கார்ந்தபடியே நேற்றைய ஐம்பத்திரண்டை மறுபடி எழுதினார். வலி ஒரு வாரத்தில் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வாழைப்பழத்தைக்கூட உரித்துக் கொடுக்க வேண்டிய மனுஷன் என்று மனைவி சும்மாவா சொன்னாள்? ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று, மறுபடி ஐம்பத்திரண்டு என்று இரண்டு வருடம் ஓடியது.

இடையில் இயக்குநரம்மா, நிலவறையில் ஈரம் ஏறாமல் காக்கும் குளிர்சாதனத்தைப் பாதி நேரம் நிறுத்திப் பார்த்தார். நோட்டில் ஈரம் ஏறவேயில்லை. "அப்புறம் எதுக்கு அண்ணே ராத்திரி பகலா கரண்ட்டைக் கொட்டணும்? உலகம் சூடாகுறதுல நம்ம பங்காவது குறையட்டும்" என்று முழுவதும் நிறுத்திவிட்டார். அன்றாவது சொல்லியிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்ன, காப்பாளர் மறுநாளும் ஐம்பத்திரண்டு என்றே எழுதினார்.

இந்த வருடம் பருவம் தப்பி மழை கொட்டியது, கையோடு வெயிலும் கொளுத்தியது. நூறு வருடத்துப் பிறப்புப் பதிவேடுகளில் பூஞ்சை படர்ந்தது. இவ்வளவு குறைந்த ஈரத்தில் பூஞ்சை வராதே, கணக்கை ஜோடிக்கச் சொன்னது நீங்கள்தானா என்று மேலிடம் இயக்குநரம்மாவைக் கேட்டது. அவருடைய வேலையே போகிற நிலைமை.

அவர் காப்பாளரைக் கூப்பிட்டு, எழுதிய பதிலைக் காட்டினார். "ஈரம் காட்டுற மெஷின்தான் பழுதா இருக்கணும். உங்க நோட்டு சுத்தம்னு நான் கையெழுத்துப் போடுறேன். ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்கீங்களே!"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். காப்பாளர் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்தத் தேதியைப் பாருங்க மேடம்."

"ஐம்பத்துமூணு. அதுக்கென்ன?"

"அன்னிக்குத்தான் என் பேத்தி பொறந்தா."

இயக்குநரம்மா பேனாவை மூடினார். அன்று காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் காப்பாளருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவரே அவர்தான்.

"மத்த நாளெல்லாம்?"

"எல்லா நாளும் அப்படித்தான். மொதல்ல முட்டி வலி மேடம். அப்புறம் சோம்பல். நானே எழுதிக் கொடுக்கிறேன், என் கையெழுத்தோட."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பதிலை இரண்டாகக் கிழித்தார்.

"வலிக்குதுன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே இறங்கிப் பார்த்திருப்பேனே அண்ணே" என்றார்.